ருசியும் குறிப்பும்

கண்ணால் கண்டதை எழுதிவிடலாம். காதால் கேட்டதையும் ஒருவாறு எழுதிவிடலாம். ராகத்துக்கு ஸ்வரம் இருக்கிறது, தாளத்துக்கு அட்சரக் கணக்கு இருக்கிறது. நாக்கில் பட்டதை எப்படி எழுதுவது? மாம்பழம் எப்படி இருந்தது என்று கேட்டால், "தேனாக இருந்தது" என்கிறோம். தேன் எப்படி இருந்தது என்று கேட்டால், "அமிர்தமாக இருந்தது" என்கிறோம். அமிர்தத்தை உண்டவர்கள் யாரும் இதுவரை நம்மிடம் வந்து அதன் ருசியைச் சொன்னதில்லை. இப்படி ஒரு ருசியின் கடனை இன்னொரு ருசியிடம் வாங்கி அடைத்துக்கொண்டே போகிறோம்.

இந்தச் சங்கடத்தையே ஒரு தொழிலாக்கிக்கொண்டவர்கள் திராட்சை மதுவின் ரஸிகர்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு விரற்கடை அளவு ஒயினை ஊற்றுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். சுழற்றி முகர்கிறார்கள். ஒரு வாய் எடுத்து, கூடவே கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, வாய் முழுதும் புரட்டுகிறார்கள். பிறகு பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு, பென்சிலை எடுத்து எழுத ஆரம்பிக்கிறார்கள். எழுதுவது என்ன தெரியுமா? சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவல், மழையில் நனைந்த கல், பழைய தோல், குதிரை லாயம்! இதற்குச் சுவைக்குறிப்பு என்று பெயர். ஒரு புட்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதை இப்படிப்பட்ட நாலு வரிகளைப் படித்துத் தீர்மானிக்கிறவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

மதுவிலக்கில் பற்றுள்ள வாசகர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையில் குடிக்கிறவர்களைவிடத் துப்புகிறவர்களே அதிகம். எனக்கு இதில் உள்ள அக்கறை வேறு. ஒருவன் தன் வாயில் உணர்ந்ததைச் சொல்லில் வைத்தால், அந்தச் சொல் இன்னொருவனுக்குப் பயன்படுமா? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. அவன் பிழைப்பே இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது. ஒயின் ரஸிகர்கள் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளாகப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

மதுச் சாடியின்மேல் எழுதும் வழக்கம் எகிப்து தேசத்திலேயே இருந்தது. 1922-ல் துத்தன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைத் திறந்தபோது, பொன்னும் மணியும் கிடைத்ததோடு ஒயின் சாடிகளும் கிடைத்தன. அவற்றின்மேல் எந்த அரசாட்சி ஆண்டு, எந்தத் தோட்டம், யார் பக்குவம் செய்தது என்று மையால் எழுதியிருந்தது. சில சாடிகளில் மட்டும், இனிப்பு என்றும் குறித்திருந்தார்கள். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய சுவைக்குறிப்பு இது. ஒரே வார்த்தைதான், ஆனால் சாடியைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

ரோமாபுரியில் விஷயம் இவ்வளவு எளிமையாக இல்லை. அங்கே கி.மு. 121-ஆம் ஆண்டில் விளைந்த மதுவுக்குப் பெரிய கியாதி உண்டாயிற்று. அந்த வருஷம் ஒபிமியஸ் என்பவன் கான்ஸலாக இருந்ததால் அதை ஒபிமிய மது என்றே அழைத்தார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, முதுபெரும் பிளினி தமது இயற்கை நூலை எழுதியபோதுகூட அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அது கைப்பேறிய முரட்டுத் தேனைப் போலச் சுண்டிப் போயிருந்தது என்றும், வேறு மதுவுக்கு மெருகேற்றத் துளி கலப்பதற்குத்தான் உதவியது என்றும் பிளினி எழுதிவைத்தார். பேருக்கு மயங்காமல் வாய்க்குப் பட்டதைச் சொன்ன குறிப்பு அது. அதே காலத்தில் பெட்ரோனியஸ் என்ற நையாண்டிக்காரர், திடீர்ப் பணக்காரன் ஒருவன் தன் விருந்தில் "நூறு வருஷத்து ஒபிமிய மது" என்று சீட்டு ஒட்டிய சாடிகளைக் கொண்டுவரச் செய்வதாகக் கதை எழுதினார். கணக்குப் பார்த்தால் அந்த மதுவுக்கு அப்போது நூற்றெண்பது வயதுக்குக் குறையாது! சீட்டைப் படிக்கிறவர்களும் ருசி பார்க்கிறவர்களும் வேறு வேறு ஜாதி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பிளினி இன்னொரு சம்பவமும் சொல்கிறார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மதுவை ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தான். ஒரு விருந்தில் அந்த ஊர் மதுவைச் சுவைத்துப் பார்த்துவிட்டு அவன் விருந்து வைத்தவரிடம் சொன்னானாம்: இந்த ருசி தனக்குப் புதிது, பேர் பெற்ற மதுக்களில் சேர்ந்ததும் அல்ல, ஆனாலும் சக்கரவர்த்தி இதைத் தவிர வேறொன்றை அருந்தமாட்டார் என்று. சாதுரியமான ஆசாமி! தன் நாக்குக்கும் துரோகம் செய்யவில்லை. ராஜாவின் விருப்பத்துக்கும் விரோதம் பேசவில்லை.

இந்த இடத்தில் நம் நாட்டையும் தொட்டுக்கொள்ள நியாயம் இருக்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தத் தேறலுக்கு அவர் கொடுக்கும் அடைமொழிகள் இரண்டே: குளிர்ச்சியானது, மணமுள்ளது. 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, அந்த மது வந்த இரட்டைக் காதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மது இங்கே வந்தது; மிளகு அங்கே போயிற்று. பிளினிக்கு இதில் மகா வருத்தம். காரத்தைத் தவிர வேறு சிறப்பில்லாத ஒரு சரக்கை, பொன்னையும் வெள்ளியையும் நிறுப்பதுபோல் நிறுத்து வாங்குகிறார்களே என்று அங்கலாய்த்தார். மிளகுக்கு அவர் எழுதிய சுவைக்குறிப்பு அவ்வளவுதான். மிளகு பின்னால் இதற்கு எப்படிப் பழி வாங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ருசி பார்க்கிறவர்களைப் பற்றிய கதைகளில் மிகச் சிறந்தது ஸ்பெயின் தேசத்துச் செர்வாண்டிஸ் சொன்னது. 1615-ல் வெளிவந்த டான் குவிக்ஸோட்டின் இரண்டாம் பாகத்தில், சான்சோ தன் மூதாதையர் இருவரின் பெருமையைப் பேசுகிறான். அவர்களிடம் ஒரு பீப்பாய் மதுவைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்களாம். ஒருவர் நாக்கு நுனியால் தொட்டார். இரும்பு வாடை இருக்கிறது என்றார். மற்றவர் மூக்கருகில் கொண்டுபோனதோடு சரி; தோல் வாடை இருக்கிறது என்றார். பீப்பாயின் சொந்தக்காரனுக்குக் கோபம். பீப்பாய் சுத்தமானது, மதுவில் ஒரு கலப்பும் இல்லை என்று சாதித்தான். காலப்போக்கில் மது விற்றுத் தீர்ந்தது. பீப்பாயைக் கழுவினார்கள். அடியில் ஒரு சின்னச் சாவி கிடந்தது. அதில் ஒரு தோல் வாரும் கோத்திருந்தது.

ஸ்காட்லாந்துத் தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம் 1757-ல் ரஸனையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். நுட்பமான ரஸனை என்பது வெறும் பாசாங்கு அல்ல, அதற்கு ஆதாரமாகப் பொருளில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் கதையின் சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பீப்பாய் காலியாகிச் சாவி வெளியே வரும்வரையில் அந்த இரண்டு பேரையும் ஊர் கேலிதான் செய்திருக்கும். முக்கால்வாசிச் சுவைக்குறிப்புகள் விஷயத்தில் பீப்பாயைக் கழுவிப் பார்க்கிற சந்தர்ப்பமே வருவதில்லை. அதனால் சாவியைக் கண்டவனையும் சாவியைக் கற்பனை செய்தவனையும் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

நாம் இன்றைக்குச் சுவைக்குறிப்பு என்று சொல்வதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் பெரிய ரஸிகர் அல்ல. லண்டனில் கடற்படைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பெப்பிஸ். 1663 ஏப்ரல் 10-ஆம் தேதி லம்பார்டு தெருவிலுள்ள ராயல் ஓக் விடுதிக்குப் போனார். ஒரு பிரெஞ்சு மது கொடுத்தார்கள். பெயரைக் காதில் விழுந்தபடி "ஹோ பிரையன்" என்று டைரியில் எழுதிக்கொண்டார். நன்றாக இருந்தது, இதற்குமுன் எங்கும் கண்டிராத தனி ருசியாக இருந்தது என்பதுதான் அவர் குறிப்பின் சாரம். அந்த மது, போர்தோ நகரத்துப் பொந்தாக் குடும்பத்தாரின் ஓ பிரியோன் தோட்டத்தில் விளைந்தது. அதுவரையில் லண்டன்வாசிகளுக்குப் பிரெஞ்சு மது என்றால் பொதுவான ஒரு சரக்கு. ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் பெயரும் அதற்கென்று ஒரு ருசியும் உண்டு என்பது அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது. அந்த மாறுதல் பெப்பிஸின் அரை வரியில் அகப்பட்டுக்கொண்டது.

பெப்பிஸ் இதை யாருக்காகவும் எழுதவில்லை. சுருக்கெழுத்தில் எழுதிப் பூட்டிவைத்த டைரி அது, 1825-ல்தான் அச்சேறியது. விற்க வேண்டும் என்ற நோக்கமில்லை. மெச்சிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையுமில்லை. நாளைக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எழுதிய குறிப்பு. நான் படித்த சுவைக்குறிப்புகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

பதினாலு வருஷம் கழித்து, 1677-ல், தத்துவ ஞானி ஜான் லாக் அதே தோட்டத்தைப் பார்க்கப் போனார். அவர் ருசியைவிட மண்ணைக் கவனித்தார். வெள்ளை மணலும் சரளைக் கல்லுமாகக் கிடந்த அந்த நிலத்தைப் பார்த்தால் ஒன்றும் விளையாது என்றுதான் நினைக்கத் தோன்றும் என்று எழுதிக்கொண்டார். ருசிக்குக் காரணத்தை மண்ணில் தேடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு தொடக்கம்.

அடுத்து வந்தவர் தாமஸ் ஜெபர்சன். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான அதே ஜெபர்சன்தான். பாரிஸில் தூதராக இருந்தபோது, 1787-ஆம் வருஷம் வசந்த காலத்தில் தெற்குப் பிரான்ஸைச் சுற்றிக்கொண்டு போர்தோவுக்கு வந்து சேர்ந்தார். எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்கிற மனிதர் அவர். எந்தத் தோட்டத்தில் எத்தனை பீப்பாய், என்ன விலை, எந்த வருஷத்து விளைச்சல் உசத்தி என்றெல்லாம் எழுதி, முதல் தரமானவை நான்கு என்று ஒரு ஜாபிதா தயாரித்தார்: மார்கோ, லத்தூர், ஓ பிரியோன், லஃபீத்.

வேடிக்கை என்னவென்றால், அறுபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்தோ மதுக்களைத் தரம் பிரித்தபோதும் முதல் வகுப்பில் நின்றவை அதே நான்குதான். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் போர்தோவின் தரகர்கள். அதற்காக அவர்கள் ஒரு புட்டியையும் திறந்து ருசி பார்க்கவில்லை. தங்கள் பேரேடுகளைத் திறந்தார்கள். வருஷக்கணக்காக எந்தத் தோட்டத்து மது என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த வரிசையையே தர வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். ருசி பார்த்த ஆயிரம் பேருடைய அபிப்பிராயம் விலையில் அடங்கியிருக்கிறது என்பது தரகர்களின் சித்தாந்தம். அது அசட்டுச் சித்தாந்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விலை உயர்ந்ததால் தரம் உயர்ந்ததா, தரம் உயர்ந்ததால் விலை உயர்ந்ததா என்ற கேள்விக்கு அதன்பிறகு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தப் பட்டியலின் உச்சியில் பிறகு நடந்த மாறுதல் ஒன்றே ஒன்று: 1973-ல் மூத்தோன் ராத்ஷில்டு தோட்டத்தை இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏற்றினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இலக்கியக்காரர்கள் இந்தத் துறைக்குள் புகுந்தார்கள். எடின்பரோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி, தமது நிலவறைக் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 1920-ல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் தேசம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்த அதே வருஷம்! 1846-ஆம் வருஷத்து எர்மித்தாஜ் மது ஒன்றைப் பற்றி, தாம் அருந்தியவற்றுள் அதைப்போல் ஆண்மை மிகுந்தது வேறில்லை என்று அதில் எழுதினார். படிக்க ரஸமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுவுக்கு ஆண்மை என்றால் நாக்கில் என்ன படும்? புளிப்பா, துவர்ப்பா, காரமா? கிழவரைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம். மதுவைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. அவருக்குப் பின்னால் அவர் புலமை இல்லாதவர்களும் அவர் பாணியில் எழுத ஆரம்பித்தார்கள். 1937-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் ஜேம்ஸ் தர்பர் ஒரு கேலிச் சித்திரம் போட்டார். அதில் ஒரு கனவான், தம் வீட்டு மலிவு மதுவை, குலம் கோத்திரம் இல்லாவிட்டாலும் துடுக்கு மிகுந்த ஒரு பையனை அறிமுகப்படுத்துகிற தோரணையில் விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்துகிறார். சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் சிரித்தவர்கள் திருந்தினதாகவும் தெரியவில்லை.

திருந்திய பாணியில் எழுதியவர் மைக்கேல் பிராட்பென்ட். லண்டனில் கிறிஸ்டீஸ் என்ற ஏலக் கம்பெனியின் ஒயின் இலாகாவை 1966-லிருந்து நடத்தியவர். 1952-ல் ஒயின் வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து, ருசி பார்த்த ஒவ்வொன்றையும் சிறிய சிவப்பு நோட்டுகளில் குறித்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொள்வாராம். ஊற்றின உடனே எப்படி, பத்து நிமிஷம் கழித்து எப்படி, அரை மணி கழித்து எப்படி என்று நேரத்தோடு எழுதுவார். நோட்டுகள் நூற்றுக்கு மேல் சேர்ந்தன. 2020-ல் அவர் காலமானபோது அவற்றிலிருந்த குறிப்புகள் பதினாயிரக் கணக்கில் இருந்தன. ஒரே மதுவை இருபது வயதிலும் நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் சந்தித்து எழுதிய ஜாதகங்கள் அவை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. 1985 டிசம்பர் 5-ஆம் தேதி ஒரு புட்டியை அவர் ஏலம் விட்டார். கண்ணாடியில் 1787 என்ற வருஷமும், லஃபீத் என்ற பெயரும், ஜெபர்சனுடைய பெயரின் முதலெழுத்துக்களும் செதுக்கியிருந்தன. பாரிஸில் ஒரு பழைய வீட்டில் அடைபட்டுக் கிடந்த புட்டிகள் என்று அவற்றைக் கொண்டுவந்த ஜெர்மானியர் ஹார்டி ரோடன்ஸ்டாக் சொன்னார். அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் 1,05,000 பவுன் கொடுத்து வாங்கினார்கள். காட்சிக்கு நிறுத்திவைத்த இடத்தில் விளக்குச் சூட்டில் தக்கை உலர்ந்து உள்ளே விழுந்துவிட்டது. அது தனிச் சோகம். அதே குவியலிலிருந்து வேறு நான்கு புட்டிகளை வாங்கிய பில் கோக் என்ற கோடீஸ்வரர், பிற்பாடு ஆட்களை வைத்து விசாரித்தார். எழுத்துக்கள் மின்சாரக் கருவியால் செதுக்கப்பட்டவை என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2006-ல் அவர் ரோடன்ஸ்டாக் மீது வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2018-ல் இறந்துபோனார்.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிற பாத்திரம் ஜெபர்சன்தான். ஏலம் நடக்கும் முன்பே, மாண்டிசெல்லோவில் அவருடைய காகிதங்களை ஆராய்கிறவர்கள் சந்தேகம் தெரிவித்திருந்தார்கள். காரணம், வாங்கினது, கொடுத்தது, வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதிவைத்த மனிதர் இந்தப் புட்டிகளைப் பற்றி ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் இறந்து நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் அவருடைய குறிப்பேடு சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது. குறிப்பால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.

ஆண்மை, குலப்பெருமை போன்ற வார்த்தைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தவர் ஒரு பெண்மணி. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியையாக இருந்த ஆன் நோபிள் 1984-ல் மணச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். நடுவிலே பொதுவான சொற்கள்: பழ மணம், பூ மணம், மர மணம் என்று. அடுத்த வட்டத்தில் அவற்றின் கிளைகள். வெளி வட்டத்தில் இன்ன பழம், இன்ன பூ என்று திட்டமான பெயர்கள். "கம்பீரம்", "நளினம்" முதலியவற்றுக்கு அந்தச் சக்கரத்தில் இடமே இல்லை. சாதாரண ஒயினில் ஒரு துண்டு குடைமிளகாயையோ ஒரு கிராம்பையோ ஊறவைத்து முகரச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் எது பொருள் என்று மாணவர்களுக்குப் பழக்கினார். அகராதி தயாரிக்கிற வேலையை மூக்குக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

இங்கே நம் பாஷைக்கு ஒரு சௌகரியம் உண்டு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் கொடுக்கிற குணம் ஒன்று நாக்கைப் பிடித்து இழுக்கும். அதை ஒரு சுவை என்று எண்ணுவதா, தொடு உணர்ச்சி என்று எண்ணுவதா என்று மேல்நாட்டார் தர்க்கம் செய்கிறார்கள். நமக்கு அந்தத் தர்க்கம் தேவையில்லை. அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றை வைத்துவிட்டார்கள் முன்னோர்கள். கடுக்காயும் வாழைப்பூவும் பாக்கும் தெரிந்த எந்தப் பாட்டியிடமும் அந்தச் சொல்லைச் சொன்னால் விளக்கம் கேட்கமாட்டாள்.

ஆனால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் எத்தனை பேர்? 1978-ல் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வக்கீல் ஒயின்களைப் பற்றி ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். விளம்பரம் வாங்குவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு, ஒவ்வொரு மதுவுக்கும் குறிப்போடுகூடப் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் நூற்றுக்கு இத்தனை மார்க் என்று போட்டார். போர்தோவின் 1982-ஆம் வருஷத்து விளைச்சலை அவர் வானளாவப் புகழ்ந்தார், மற்றவர்கள் தயங்கினார்கள், காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அதன்பிறகு அவர் போடும் மார்க்கே விலையாயிற்று. தொண்ணூறுக்குக் கீழே போட்டால் விற்க முடியவில்லை, அதற்கு மேலே போட்டால் வாங்க முடியவில்லை என்று கடைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். 2019-ல் அவர் ஓய்வு பெற்றார். நாலு வரி கஷ்டப்பட்டு எழுதின குறிப்பை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த இரண்டு இலக்கத்தை மட்டும் படித்தது ஜனங்களின் குற்றமா, அந்த இலக்கத்தைப் போட்டவர் குற்றமா என்று தெரியவில்லை. பையனின் விடைத்தாளைப் படிக்காமல் மார்க்கை மட்டும் பார்க்கிற தகப்பனாரை நாம் அறியாதவர்களா?

இதற்கு நடுவில் ஒரு பெரிய கூத்து நடந்தது. 1976 மே 24-ஆம் தேதி, பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டையொட்டி ஒரு சிறிய பந்தயம் ஏற்பாடு செய்தார். கலிபோர்னியா மதுக்களையும் பிரெஞ்சு மதுக்களையும் பெயர் தெரியாமல் மறைத்துவைத்து, பிரான்ஸின் தலைசிறந்த நிபுணர்கள் ஒன்பது பேரிடம் கொடுத்தார். பத்திரிகைக்காரர்களில் வந்தவர் டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர் ஒருவரே. முடிவு தெரிந்த கதை என்று மற்றவர்கள் வரவில்லை. நிபுணர்களில் ஒருவர் ஒரு கலிபோர்னியா வெள்ளை மதுவைச் சுவைத்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பி வந்தோம் என்று பெருமூச்சு விட்டார். இன்னொருவர் ஓர் உயர்ந்த பர்கண்டி மதுவை முகர்ந்து, வாசனையே இல்லை, இது நிச்சயமாகக் கலிபோர்னியாதான் என்று தள்ளினார். கூட்டிப் பார்த்தபோது வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. பிரெஞ்சு ஒயின் பத்திரிகை ஒன்றின் ஆசிரியையான நீதிபதி அம்மையார், தம் மார்க் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். கிடைக்கவில்லை. வென்ற இரண்டு மதுக்களிலும் ஒவ்வொரு புட்டி இப்போது வாஷிங்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

பெயரை மறைத்தால் நாக்கு நிஜம் பேசும் என்பது இதில் தெரிந்த பாடம். பிறகு வந்த விஞ்ஞானிகள், பெயரை மறைத்தாலும் நாக்கு முழு நிஜம் பேசுவதில்லை என்று காட்டினார்கள். 2001-ல் போர்தோவில் ஒரு பரிசோதனை வெளியாயிற்று. மது சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் ஐம்பத்து நாலு பேருக்கு வெள்ளை ஒயினையே மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்தபோது வெளிர்நிறப் பழங்களின் பெயரை எழுதியவர்கள், சிவந்த பிறகு சிவப்பு, கறுப்புப் பழங்களின் பெயரை எழுதினார்கள். மூக்கு சொன்னதைக் கை எழுதவில்லை. கண் சொன்னதை எழுதியது. அடுத்தபடியாக, ராபர்ட் ஹாட்ஜ்ஸன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், தாமும் ஒரு திராட்சைத் தோட்டக்காரர், கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நீதிபதிகளுக்கு ஒரே புட்டி மதுவை மூன்று முறை, மூன்று தனி மதுக்கள்போல் கொடுத்துப் பார்த்தார். மூன்றுக்கும் ஒரே தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். 2008-ல் இதை அவர் அச்சிட்டார். அவருக்கும் முன்னாலேயே, 1983-ல், ஏட்ரியன் லேரர் என்ற மொழியியல் அறிஞர் நேராக நம் கேள்வியையே சோதித்திருந்தார். ஒருவர் எழுதிய வர்ணனையைக் கொடுத்து, அது எந்த மதுவைப் பற்றியது என்று இன்னொருவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு சரியாகத்தான் இருந்திருக்கும்!

இவ்வளவும் கேட்டபிறகு, எல்லாம் புளுகு என்று எழுந்துபோய்விடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதான் மிளகின் முறை வருகிறது. சில ஷிராஸ் மதுக்களில் மிளகு வாசனை வீசுகிறது என்று பல காலமாக ருசி பார்க்கிறவர்கள் எழுதிவந்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த மணத்தின் வேரைக் கண்டுபிடித்தார்கள். ரோட்டண்டோன் என்று அந்தப் பொருளுக்குப் பெயர். நம் ரசத்தில் போடுகிற மிளகுக்கு மிளகு வாசனையைக் கொடுப்பதும் அதே பொருள்தான். காரத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று பிளினி ஒதுக்கிய மிளகின் மணம், மதுக் கிண்ணத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! செர்வாண்டிஸின் பீப்பாயைக் கடைசியில் ஒருநாள் கழுவிப் பார்த்தார்கள், சாவி இருந்தது. ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் அடியோடு தெரிவதில்லை. ஒரே மேஜையில் ஒருவன் மிளகு என்கிறான், ஒருவன் இல்லை என்கிறான். இரண்டு பேருமே உண்மை பேசுகிறார்கள்.

என் கேள்விக்கு இதிலிருந்து ஒரு விடை கிடைப்பதாக நினைக்கிறேன். சுவைக்குறிப்பு ஒரு சாட்சியம், தீர்ப்பு அல்ல. இனிப்பா, புளிப்பா, துவர்ப்பு எவ்வளவு, கெட்டுப்போன வாடை உண்டா என்ற அளவில் அது யாருக்கும் உதவும். எகிப்தியன் எழுதிய "இனிப்பு" இன்றைக்கும் புரிகிறது; நக்கீரரின் குளிர்ச்சியும் மணமும் புரிகிறது. அதற்குமேல் எழுதுவது எழுதினவனுக்கு நிச்சயம் உதவும், பெப்பிஸுக்கு உதவினாற்போல. பிறத்தியாருக்கு உதவ வேண்டுமானால், எழுதுகிறவனின் நாக்கை அவர்களுக்குப் பல நாள் பழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் சங்கீத விமரிசகர்கள் சமாசாரமும் இதுதானே? இன்னார் "சுமார்" என்று எழுதினால் கச்சேரி நன்றாக இருந்திருக்கும் என்று, பழகிய வாசகன் தெரிந்துவைத்திருக்கிறான் அல்லவா?

ஆகையால் நிபுணர்களின் பரீட்சை மண்டபத்தைவிட, நாலு சிநேகிதர்கள் சாவகாசமாக உட்கார்ந்து ருசி பார்க்கிற மேஜைதான் இந்தக் கலைக்குச் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேல்நாடுகளில் இப்படிக் கூடுகிறவர்கள் புட்டிகளைக் காகிதப் பையில் மறைத்து எண் போட்டுவிடுகிறார்கள். ஒரு நிபந்தனை: எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருவர் "செர்ரிப் பழம்" என்று சொல்லிவிட்டால், அப்புறம் எல்லார் மூக்கிலும் செர்ரிப் பழம்தான். எழுதின பிறகு படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கடைசியில் பையை அவிழ்த்து, மலிவுப் புட்டி ஜெயித்ததைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஆறு மாதம் இப்படிச் செய்தவனுக்கு உலகத்து மதுக்கள் தெரியாமல் போகலாம். தன் நாக்கு தெரிந்துவிடும்.

மது வேண்டாதவர்களுக்கும் இதில் தடையொன்றும் இல்லை. மாம்பழக் காலத்தில் ஒருநாள் மல்கோவாவையும் இமாம்பசந்தையும் பங்கனப்பள்ளியையும் நறுக்கி, எது எது என்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுத்து, ஆளுக்கு மூன்று வார்த்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். "தேன்", "அமிர்தம்" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் முதலிலேயே தடை செய்துவிடுங்கள். அதன்பிறகு எழுதுகிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால், எங்களைப் போன்ற எழுத்தாளர்கள்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் பிறக்கும். வயதில் சின்னவர் யாராவது, அகராதியில் எங்கும் காணாத ஒரு வார்த்தையைச் சரியான இடத்தில் எழுதிக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. அந்தக் காகிதத்தை எறிந்துவிடாதீர்கள். தேதி போட்டு எடுத்துவையுங்கள். அடுத்த வருஷத்து மாம்பழத்துக்கு உதவும்.